ஒரு சுவர் அளவு

...வட்டத்தைக் காட்டியிருந்தால் இந்த வம்பே வந்திருக்காது, வரைபடத்தில் வெறும் புள்ளியைக் காட்டினால் எவனும் புள்ளியைத்தான் நம்புவான், இதை என் அலுவலகத்தில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், தொண்டைத் தண்ணீர் வற்ற வற்ற, போன் ஒருபோதும் நான் இங்கேதான் இருக்கிறேன் என்று சத்தியம் செய்வதில்லை சார், இந்த வட்டத்துக்குள் எங்கேயோ இருக்கிறேன் என்றுதான் சொல்கிறது, வட்டம் எவ்வளவு பெரியது என்பதையும் அதுவே சொல்லிவிடுகிறது, சின்ன வட்டம் என்றால் நம்பலாம், பெரிய வட்டம் என்றால் அதற்கே சந்தேகம், மனிதர்களைவிட யோக்கியமான சாமான் அது, நாம்தான் அதன் சந்தேகத்தை அழித்துவிட்டு நடுவில் ஒரு புள்ளியைக் குத்தி, இதோ ஆள் இங்கே என்கிறோம்... யார் கேட்டார்கள்? வாடிக்கையாளர் குழம்புவாராம். குழம்பட்டுமே, தெரியாததைத் தெரியாது என்று காட்டினால் குழப்பமா? இப்போது குழம்பிக் கிடப்பது என் வீடு. இந்த மூடிக்கிடக்கும் மரச்சாமான் கடையின் படிக்கட்டில் சாப்பாட்டு நேரத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன், எதிர்ப்பக்கம் அண்ணன் தன் ரொட்டி வண்டியை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருக்கிறான், முன்னால் எடுக்கிறான், பின்னால் எடுக்கிறான், ஆரன் அடிக்கிறான், அந்த வண்டி நின்றதும் இறங்கி வருவான், வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வான், நான் நாளைக்கு வேலைக்குப் போகலாமா கூடாதா என்று. படிப்பு நாலு வருஷம், வேலை தேடி அலைந்தது ஒரு வருஷம், தீர்ப்பு சொல்ல ஒரு ரொட்டி வண்டி.

எனக்கும் பக்கத்து லாட்ஜுக்கும் நடுவில் ஒரு சுவர், அவ்வளவுதான், இதோ என் முதுகு சாய்ந்திருக்கும் இந்தச் சுவர், இதற்கு அந்தப்பக்கம் லாட்ஜின் வரவேற்பறை, இந்தப்பக்கம் கடையின் படிக்கட்டு, தலைக்கு மேலே மாடிக் கட்டடம் குடை மாதிரி நீண்டு நிற்பதால் இங்கே உட்கார்ந்தால் வெயிலும் தெரியாது வானமும் தெரியாது. வானம் தெரியாத இடத்தில் போன் என்ன செய்யும்? செயற்கைக்கோள்களிடமிருந்து ஒழுங்கான சேதி வராது, கொஞ்ச நேரம் பார்க்கும், பிறகு அக்கம்பக்கத்து வைஃபையிடம் வழி கேட்கும், யார் குரல் உரக்கக் கேட்கிறதோ அவர் வீட்டில்தான் நான் இருக்கிறேன் என்று முடிவு கட்டிவிடும், இங்கே உரக்கக் கத்துவது லாட்ஜ்காரனின் வைஃபை பெட்டி, சுவருக்கு அந்தப்பக்கம் ஆணியில் தொங்குகிறது. சுவருக்குக் காது உண்டு என்பார்கள், இந்தச் சுவருக்கு வாய். செவ்வாய்க்கிழமை மத்தியானம் முக்கால் மணி நேரம், அண்ணன் போனில் இருக்கும் குடும்ப ஆப்பில், என் புள்ளி அந்த லாட்ஜுக்குள் இருந்தது. அலுவலகத்தில் இதைப் பிழை என்றே சொல்லமாட்டார்கள், பதினைந்து மீட்டருக்குள் வந்துவிட்டால் திரையில் பச்சை, நானே பச்சையைப் பார்த்துக் கைதட்டியிருக்கிறேன், இது பத்து மீட்டர்கூட இருக்காது, நல்ல பச்சை, பசும்பச்சை, ஆனால் என் அம்மாவுக்கு இந்தப் பத்து மீட்டரில்தான் குடும்ப மானம் முழுவதும் நிற்கிறது.

அவளுக்கு வரைபடம் பார்க்கத் தெரியாது, எழுத்துக்கூட்டி வாசிக்கவும் வராது, அதனால் அண்ணன் போனை மேசையில் வைத்து இது எந்த இடம்னு கேளும்மா என்றபோது எனக்குப் பயமே வரவில்லை, அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள், லாட்ஜ் இருக்கும் இடத்தில் வரைபடக்காரன் ஒரு படம் போட்டிருக்கிறான், குட்டியாக ஒரு கட்டில், அதன்மேல் ஒரு தலையணை. அதைப் படித்துவிட்டாள். எந்தப் பள்ளிக்கூடமும் தேவைப்படவில்லை. அந்தக் கட்டில் படத்தின்மேல் என் தலை, பட்டம் வாங்கிய அன்று தொப்பியோடு எடுத்த படம், அண்ணன்தான் ஆசையாசையாகத் தேர்ந்தெடுத்து எனக்கு அடையாளமாக வைத்தான், அவன் ஊரெல்லாம் ரொட்டி போட்டுக்கொண்டு போகும்போது தொப்பி வைத்த என் தலை அவன் வண்டிக்குள் வரைபடத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும், கடைக்காரர்களிடம் காட்டுவானாம், தங்கச்சி, இஞ்சினியர், இப்ப ஆபீஸ்ல இருக்கு பாருங்க... பெருமையா காவலா, அவனுக்கே தெரியாது, எனக்கும் பிரித்துச் சொல்லத் தெரியாது. கண்ணால் காண்பதும் பொய் காதால் கேட்பதும் பொய் என்று சொல்லிவைத்தவர்கள் போனில் பார்ப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்கள். "நீ நாளையிலேர்ந்து போகவேணாம்" என்றாள் அம்மா. அப்பா தட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் கத்தினேன், போன் தப்பாகக் காட்டுகிறது, இதைச் சரிசெய்வதுதான் என் வேலையே, எனக்குத் தெரியாதா என்று. அண்ணன் கேட்டான், "உன் வேலையே அதுதான்னா, அப்புறம் எப்படித் தப்பாகும்?" அதே படிக்கட்டுக்கு வா, நேரிலேயே காட்டுகிறேன் என்றேன், அம்மாவிடம் எனக்கு ஒருநாள் தவணை வாங்கினான். ஆனாலும் அது நல்ல கேள்வி. அலுவலகத்தில் யாரும் இவ்வளவு நல்ல கேள்வி கேட்டதில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். லிஃப்ட் பழுதுபார்க்கும் ஆட்கள் எந்தக் கட்டடத்தில் இருக்கிறார்கள் என்று முதலாளிக்குக் காட்டும் ஆப் நாங்கள் செய்வது, லிஃப்ட் எங்கே இருக்கும்? கட்டடத்தின் நட்டநடுவில், நாலு பக்கமும் கான்கிரீட், உலகத்திலேயே வானம் தெரியாத தொழில் ஒன்று உண்டென்றால் அது, அவர்களைப் போய் வானத்திலிருந்து கண்டுபிடிக்கப் பார்க்கிறோம். சோதனை செய்தவர்கள் எல்லாரும் ஜன்னலோரம் உட்கார்ந்து சோதித்தார்கள், எல்லாம் பச்சை, கைதட்டல். நான்தான் போன்களைப் பையில் போட்டுக்கொண்டு அடித்தளத்துக்கு இறங்கிப் பார்த்தவள். எங்கள் டீம் லீடுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ரெண்டு செகண்டு, எதுவானாலும் ரெண்டு செகண்டில் திரையில் வரவேண்டும் அவருக்கு, புதிதாக இடம் பிடிக்க அரை நிமிஷம்கூட ஆகலாம் சார், காத்திருக்க வேண்டும், வந்ததும் எவ்வளவு பழசு, வட்டம் எவ்வளவு பெரிசு என்று பார்த்து, மோசமானதைத் தள்ளிவிட வேண்டும், அப்போதுதான் நம்பலாம் என்றால், "யாரும்மா அரை நிமிஷம் சுத்துற சக்கரத்தப் பாத்துக்கிட்டு இருப்பா? கடைசியா எங்க இருந்தானோ அதையே காட்டு, அப்புறம் மாத்திக்கலாம்." கடைசியாக இருந்த இடம் ஆற்றுப் பாலம் என்றால்? ஒரு மெக்கானிக் கூப்பிட்டுத் திட்டினார், மேடம் நான் லிஃப்ட் குழிக்குள்ள கிரீஸோட நிக்கறேன், உங்க ஆப் நான் ஆத்துல மிதக்கறேன்னு சொல்லுது, எங்க முதலாளி நீச்சல் எப்படி இருந்துச்சுன்னு கேக்குறாரு... எல்லாரும் சிரித்தார்கள். ரெண்டு செகண்டு சிரிக்கவில்லை, மெக்கானிக் பொய் சொல்லுவான், புள்ளி பொய் சொல்லாது என்றார். அண்ணன் வண்டியில் இருக்கும் அந்தக் குடும்ப ஆப்பையும் எவளோ ஒருத்தி என்னைப்போல ஓர் அறையில் உட்கார்ந்து எழுதியிருப்பாள், அவளும் வட்டத்தைக் காட்டலாம் என்று சொல்லியிருப்பாள், அவளுக்கும் ஒரு ரெண்டு செகண்டு இருந்திருப்பார்... இல்லை, அவள் சொல்லாமலே இருந்திருக்கலாம், சம்பளம் வருகிறது, எதற்கு வாயைக் கொடுப்பது.

வண்டி நின்றுவிட்டது. வருகிறான். செவ்வாய்க்கிழமை நான் இங்கே ஏன் வந்து உட்கார்ந்தேன்? ரெண்டு செகண்டோடு சண்டை போட்டேன், அதனால் வந்தேன் என்று சொல்ல வேண்டும்போல் இருக்கிறது, சொன்னால் அழகாக இருக்கும், ஆனால் சண்டை முந்தின நாள், செவ்வாய்க்கிழமை ஒன்றுமே நடக்கவில்லை, சாப்பிட்டுவிட்டு நடந்தேன், படிக்கட்டு நிழலாக இருந்தது, உட்கார்ந்தேன், எழுந்திருக்கத் தோன்றவில்லை. அழவில்லை. யாருக்கும் போன் பேசவில்லை. ஒரு பூனை ஒரு வண்டிக்கு அடியிலிருந்து இன்னொரு வண்டிக்கு அடியில் போயிற்று, பார்த்தேன். முதலில் வீட்டில் கேட்டபோது, ஆபீஸில்தான் இருந்தேன் என்று சொல்லித் தொலைத்தேன், வாய் தானாகச் சொன்னது, பிறகு இல்லை லாட்ஜ் பக்கத்துப் படிக்கட்டில் இருந்தேன் என்றேன், அங்கேதான் எல்லாம் கெட்டது, ஒரு வாய் ரெண்டு பேச்சு. ஏன் முதலிலேயே சொல்லவில்லை? ஏனென்றால் எங்கள் வீட்டில் யாரும் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, அம்மா உட்கார்ந்தால் மடியில் துணி இருக்கும், மடித்துக்கொண்டே பேசுவாள், அப்பா மூட்டை இறக்கிவிட்டு வந்து சுவரில் சாய்ந்தால் அது உட்காருவது இல்லை, மூச்சு வாங்குவது, அதுவும் வேலையில் சேர்த்தி, இந்த வீட்டில் பிறந்துவிட்டு, சும்மா உட்கார்ந்திருந்தேன் என்று எந்த வாயால் சொல்வது, அதைவிட லாட்ஜ் நம்பும்படியாக இருக்கிறது.

"காட்டு" என்றான். அவன்மேல் சூடான ரொட்டி வாசனை, எப்போதும் வரும், அவன் கோபமாக இருக்கும்போதும் அந்த வாசனை மட்டும் கோபப்படாது. அவனே தன் போனை எடுத்துப் பார்த்தான், உட்காரவில்லை, என் தொப்பித் தலை அச்சுப்பிசகாமல் படிக்கட்டின்மேல் நின்றது. "சரியாத்தானே காட்டுது!" இந்த ரெண்டு மாசமாக இப்படி ஒரு புள்ளிக்காகத்தான் தவம் கிடந்தேன், அடித்தளங்களிலும் பாலங்களுக்கு அடியிலும் நின்று போனைப் பார்த்துக் கெஞ்சினேன், வராதது இன்றைக்கு வந்து நிற்கிறது, என் கழுத்தை அறுப்பதற்கு. சொன்னேன், அண்ணா, இப்பதான் வெட்டவெளில நடந்து வந்தேன், போன் அந்த நினைப்புலயே இருக்கு, இங்க சுவரோரமா கொஞ்ச நேரம் உட்காந்தா வானம் விட்டுப்போயி லாட்ஜுக்குத் தாவும். "எவ்ளோ நேரம்?" தெரியாது, கால் மணி, அரை மணி. "தெரியாதா? இஞ்சினியரம்மாவுக்கே தெரியாதா?" வண்டியில் சரக்கு இருக்கிறது, மூன்று கடை பாக்கி, ஆனால் தங்கையின் யோக்கியதை ரொட்டியைவிடப் பெரிதல்லவா, போய் ஓர் அட்டையைக் கிழித்துக்கொண்டு வந்து படியில் போட்டு உட்கார்ந்தான், எனக்கும் பாதியைக் கொடுத்தான், உடுப்பு அழுக்காகும் என்று. அதுதான் அவன். திட்டுவதற்கு முன்னால் அட்டை கொடுப்பவன்மேல் எப்படி முழுசாகக் கோபப்படுவது? படுகிறேன். முழுசாகத்தான் படுகிறேன்.

உட்கார்ந்தோம். அவனுக்கு உட்காரத் தெரியவில்லை, பாவம், முழங்கால் ஆடுகிறது, கடைக்காரருக்குப் போன் செய்து வழியில் நெரிசல் என்கிறான், எவ்வளவு லகுவாக வருகிறது பொய், அவன் எங்கே இருக்கிறான் என்று பார்க்க யாருக்கும் ஆப் கிடையாது, டயரைப் பார்த்து காற்று குறைவு என்கிறான், சட்டைப் பையிலிருந்து துண்டுக் காகிதங்களை எடுத்து அடுக்குகிறான், "சாட்டிலைட்டு மேலதானே இருக்கு, இந்தக் கான்கிரீட்டத் தாண்டி அதால பாக்க முடியாதா?" அது பாக்காதுண்ணா, அது மேலேர்ந்து கத்திக்கிட்டே இருக்கும், நம்ம போன்தான் அதக் கேட்டு நாம எங்க இருக்கோம்னு கணக்குப் போடணும். "அப்ப உன்ன யாரும் பாக்கலியா?" நீதான் பாக்கற. அவன் காகிதங்களை மறுபடி அடுக்கினான். இந்தப் படியில் இரண்டு பேர் உட்கார்ந்தால் இது வேறு படி, செவ்வாய்க்கிழமை இருந்த படி இல்லை, அன்றைக்கு இந்தத் தெருவே எனக்காகக் கொஞ்சம் மெதுவாகப் போனது, இன்றைக்கு ஒவ்வொரு ஆரனும் கேட்கிறது... லாட்ஜிலிருந்து வரவேற்பறைக்காரன் வெளியே வந்தான், சிகரெட்டைப் பற்றவைத்தான், எங்களைப் பார்த்தான், இரண்டு அட்டை, இரண்டு பேர், சுவரோரம். "ரூம் வேணுமா? மணிக்கணக்குலயும் தர்றோம்" என்றான் அண்ணனிடம். அண்ணன் எழுந்த வேகத்தில் காகிதங்கள் பறந்தன. "யோவ், தங்கச்சிய்யா அது!" அவன் புகையை ஊதிவிட்டு, "எல்லாரும் அதத்தான் சார் சொல்றாங்க, நான் ஒண்ணும் கேக்கலியே, ஐடி ஆதாரம் இருந்தாப் போதும்" என்று உள்ளே போய்விட்டான். அண்ணன் முகத்தைப் பார்க்கவேண்டுமே. காதெல்லாம் சிவந்து, "எவ்ளோ திமிரு பாத்தியா, நான் வாயால சொல்றேன், நம்ப மாட்டேங்கறான்!" என்று என்னிடமே நியாயம் கேட்டான், என்னிடம், நான் காகிதங்களைப் பொறுக்கிக் கொடுத்தேன், அவன் தலையில் ஏதாவது இறங்குகிறதா என்று பார்த்தேன், இறங்கவில்லை, அவனுக்கு அது லாட்ஜ்காரனின் திமிர், நேற்று நடந்தது குடும்பப் பொறுப்பு, இரண்டும் வேறுவேறு அலமாரி.

பிறகு புள்ளி தாவியது. நான் பார்க்கவில்லை, அவன்தான் பார்த்தான், "ஏய்... ஏய் பாப்பா, இங்க பாரு, போயிட்ட, உள்ள போயிட்ட!" கட்டில் படத்தின்மேல் என் தொப்பித் தலை. பக்கத்தில் நான். அவன் போனைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான், மறுபடி போனை, ஒரு விரலால் என் தோளைத் தொட்டுப் பார்த்தான், சத்தியமாகத் தொட்டுப் பார்த்தான், நான் இங்கேதான் இருக்கிறேனா என்று. பெரிதாகச் சிரித்தான். கண்ணில் தண்ணீர்கூட வந்தது, அவனும் ராத்திரி தூங்கவில்லை போலிருக்கிறது, எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் மகிழ்ச்சியா அது? என் வேலையில் முதல்முறையாக ஒரு பிழையை நினைத்த நேரத்தில் வரவழைத்துக் காட்டியிருக்கிறேன், ரெண்டு செகண்டு பார்த்திருந்தால் பாராட்டியிருப்பார், ஒரு போன் பொய் சொன்னது என்று இன்னொரு முறை அதே போனையே பொய் சொல்லவைத்து நிரூபித்திருக்கிறேன், நான் சொன்னதை அல்ல, அவன் நம்பியது மறுபடியும் போனைத்தான். உடனே அம்மாவைக் கூப்பிட்டான், உரக்கக் கேட்கும்படி வைத்தான். "அம்மா, போன்தாம்மா தப்பு, நான் பக்கத்துலயே இருக்கேன், ஆனா அது உள்ள காட்டுது, பாப்பா மேல ஒண்ணுமில்ல, பாப்பா சுத்தம்." சுத்தம். கழுவி வைத்த பாத்திரம் மாதிரி. அம்மா அந்தப்பக்கம் மூச்சு விடுவது கேட்டது, பெரிய மூச்சு, துணி மடிக்கும் கை நின்றிருக்கும், கும்பிட்டிருப்பாள். அழுகிறாளோ என்று நினைத்தேன். பிறகு அவள் குரல் வந்தது, நிதானமாக, கோபமே இல்லாமல், "சரிப்பா, வேலைக்குப் போகட்டும். ஆனா அந்தப் படிக்கட்டுல அவளுக்கு என்னப்பா வேலை?"

அண்ணனுக்கு இது தோன்றியிருக்கவில்லை. போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான், இப்போது அவன் முகத்தில் சந்தேகம் இல்லை, அதுதான் மோசம், உண்மையான குழப்பம். "ஆமா, இங்க எதுக்கு உக்காந்திருந்த?" சும்மா. "சும்மான்னா?" சும்மான்னா சும்மாதான், உட்காந்திருந்தேன். "யாராச்சும் வர்றதா இருந்துச்சா?" இல்ல. "உடம்பு சரியில்லியா?" இல்லண்ணா. "ஆபீஸ்ல எவனாச்சும் ஏதாச்சும்?" இல்ல. "அப்புறம் முக்கால் மணி நேரம் ஒருத்தி ஒண்ணும் பண்ணாம உக்காருவாளா?" எவ்வளவு பொறுமையாக ஒவ்வொரு கதவாகத் திறந்து காட்டுகிறான், இதில் ஏதாவது ஒன்றுக்குள் நுழைந்துவிடேன் என்று, தலைவலி என்றால் போதும், மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவான், எந்த இடத்தில் இருந்தேன் என்பதை நிரூபித்துவிடலாம், ஒன்றும் செய்யவில்லை என்பதை எந்தப் போனில் காட்டுவது... தலைவலி என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது வீரமா வீம்பா தெரியவில்லை, அவன் கடியாரத்தைப் பார்த்தான், இரண்டு அட்டைகளையும் எடுத்துத் தட்டி மடித்து இடுக்கிக்கொண்டான். "சரி விடு. இனிமே இப்படி உக்காரணும்போல இருந்தா எனக்கொரு போன் பண்ணிட்டு உக்காரு, என்ன? அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்." நல்ல மனசோடுதான் சொன்னான். நான் தலையாட்டினேன்.

ஆட்டினேனா? ஆட்டியிருக்கிறேன், அதனால்தானே அவன் சிரித்துவிட்டுத் தெருவைக் கடந்தான், வண்டியில் ஏறினான், ஒரு கையைத் தூக்கிக் காட்டினான். நான் வேலைக்குத் திரும்ப வேண்டும், போகலாம், போக விட்டுவிட்டார்கள், எழுந்துகொள்ள வேண்டியதுதான்... போன் பண்ணி அதை எப்படிக் கேட்பது, என்னவென்று சொல்லி, அண்ணா, நான் கொஞ்ச நேரம் ஒண்ணும் பண்ணாம இருந்துக்கட்டுமா என்றா? எவளாவது இதைக் கேட்பாளா? சும்மா, எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று அந்தக் கேள்வியை வாய்க்குள்ளேயே ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். எங்கும் திக்கவில்லை. ரொம்ப நாள் கேட்டுப் பழகிய வாக்கியம் மாதிரி வந்தது.